பெரியப்பாவின் மைதானம்

என் அன்பு மகன் நிரோஷனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பியர்பொன்ட்ஸில் உன் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ போனில் ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினாய். "அப்பா, நீங்களும் பெரியப்பாவும் இருந்த ஜேர்மன் ரவுண் இதுதானே? என்ர புது ஒஃபிஸிலயிருந்து ட்ரெயினில ஒரு மணித்தியாலம்தான். ஒருநாள் போய்ப் பாக்கப்போறன்" என்றாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கு இப்ப இடம் பிடிபடேல்லை" என்றேன். மருமகள் மெலனி இன்னும் கொஞ்சம் கறி போட்டாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் சொன்னது பொய் மகன். ஆறு வளையும் இடத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், சாம்பல் நிறக் கூரையோடு ஒரு பெரிய தளபாடக் கடை அந்தப் படத்தில் தெரிந்தது. அந்தக் கடையும் அதன் கார்த் தரிப்பிடமும் இருக்கிற நிலத்தில்தான் உன் பெரியப்பா எட்டு வருடம் புல் வளர்த்தார்.

இன்னும் மூன்று கிழமையில் நீ ஜேர்மனிக்குப் போகிறாய். இரண்டு வருட வேலை. அந்த ஊருக்கு நீ போகாமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றை நினைத்தால் செய்கிற பிள்ளை நீ. போனால் அங்கே யாராவது உன் பெயரைக் கேட்பார்கள். அதற்கு முன் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். உன் கார் செயின்ட்-மிஷேலுக்கு வந்து வீட்டு வாசலில் நிற்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வாய் கட்டிவிடுகிறது. நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. மெலனியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறைத்துத்தான் களைத்துவிட்டேன்.

உன் பெரியப்பா செபமாலை என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜேர்மன்காரர் எல்லாரும் செபா என்றார்கள். எண்பதுகளின் நடுவில் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு அந்த ஊரில் போய்ச் சேர்ந்தோம். எங்களை ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தில் விட்டார்கள். ஓர் அறைக்கு எட்டுப் பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாட்டுப் பொதி தருவார்கள். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பது என்னவென்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எங்களோடு இருந்த ஒருவர் சுவரில் இருந்த ஓடுகளை எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் தொடங்குவார்.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அங்கால் உதைபந்தாட்ட மைதானம். ஊரில் ஒரு கம்பி ஆலை இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் தகப்பன்மார் காலத்தில் தொடங்கிய கழகம் அது. பச்சைச் சட்டை. நாங்கள் போனபோது மூன்றாம் பிரிவில் கிடந்தது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சில நூறு பேர் வந்து, பியர் குடித்து, திட்டிவிட்டுப் போவார்கள். புல்லைப் பார்த்துக்கொண்டது வில்லி என்ற கிழவர். ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கழகத்தின் தலைவரும் அவர்தான். முழங்கால் வருத்தத்தோடு அவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவதை அண்ணை பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் வேலி ஏறிக் குதித்துப் போய், ஒன்றும் சொல்லாமல் அவர் கையிலிருந்து அதை வாங்கினார்.

சம்பளம் கிடையாது; கொடுத்தால் பொலிஸ் வரும். அண்ணை காலையில் போவார், இருட்டினால் வருவார். வில்லியிடம்தான் அவர் ஜேர்மன் மொழி பழகினார். ஆகவே முதலில் படித்த சொற்கள் எல்லாம் வேர், களிமண், சுண்ணாம்பு, வடிகால் என்றே இருந்தன. கடையில் பாண் கேட்கத் தெரியாத காலத்தில் அவருக்கு ஏழு வகைப் புல்லின் பெயர் தெரியும். ஊரில் கடலுக்குப் போன குடும்பம் நாங்கள், ஒரு பூச்செடிகூட வைத்ததில்லை. "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? சும்மா ஏன் மாடு மாதிரி வேலை செய்யிறியள்?" என்று கேட்டேன். "டேய், இஞ்ச நான் தொட்டு ஏதோ ஒண்டு நல்லா வருது. அது காணும்" என்றார்.

பிறகு அந்தக் கழகம் எழும்பத் தொடங்கியது. ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆலையில் வேலை செய்த இரண்டு சகோதரர்கள் முன்வரிசையில் ஆடினார்கள். கானாவிலிருந்து வந்த ஒரு பையனை வில்லி எங்கேயோ பிடித்து வந்தார். கோல் காப்பவர் தபால்காரர். இவர்களை வைத்துக்கொண்டு பெரிய ஊர்களின் கழகங்களை ஒவ்வொன்றாக அடித்தார்கள். நூறு பேர் ஆயிரமானது, ஆயிரம் பல ஆயிரமானது. பாண் கடையில் பச்சை நிறத்தில் கேக். பாதிரியார் பிரசங்கத்தில் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்வார். இரண்டாம் பிரிவுக்குப் போவதை முடிவுசெய்யும் கடைசி ஆட்டம் வேறு மாநிலத்தில் நடந்தது. அண்ணை போக முடியாது; மாவட்ட எல்லை. வில்லி அலுவலகத்தில் போய்க் கத்திப் பார்த்தார், கடிதம் கொடுக்கவில்லை. ஊர் முழுக்க பஸ் பிடித்துப் போய்விட்டது. வெறும் மைதானத்தில் நானும் அண்ணையும் மட்டும். அவர் றேடியோவை இயந்திரத்தில் கட்டிவிட்டுப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் எங்கள் ஆட்கள் கோல் அடித்தபோது இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுக்கோட்டில் முழங்காலில் இருந்து சிலுவை போட்டார். பஸ்கள் திரும்பி வந்ததும் வீரர்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து முதலில் அவரைத்தான் தோளில் தூக்கினார்கள். "செபா, செபா" என்று ஊரே கத்தியது. மாவட்ட எல்லையைத் தாண்டவிடாத அதே அலுவலகத்து மனிதர் கைதட்டிக்கொண்டு நின்றதை நான் கண்டேன்.

வில்லி எழுதிய கடிதத்தால் அண்ணைக்கு வேலை அனுமதி கிடைத்தது, வதிவிட அனுமதியும் வந்தது. மைதானப் பராமரிப்பாளர் என்று அட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணை கேட்டார். எனக்கு மைதானத் தின்பண்டக் கடையில் சொசேஜ் சுடும் வேலை கிடைத்தது. என் அனுமதி ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டியது. கழகம் கடிதம் கொடுத்தால் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள். சாட்டுச் சொல்வதற்காக எழுதவில்லை. பயம் எங்கே இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

நல்ல காலத்திலேயே நல்லதில்லாத சிலதும் இருந்தது. கானாப் பையன் பந்தைத் தவறவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களே குரங்குச் சத்தம் போடுவார்கள். கோல் அடித்தால் அதே ஆட்கள் அவன் பெயரைப் பாடுவார்கள். நான் கடைக்குள் நின்று சொசேஜைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அண்ணை ஒருநாள் மேற்குப் பக்கத்துப் பார்வையாளர் மேடையில் ஏறிப் போய், சத்தம் போட்ட ஒருவனுடைய தொப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்து, "வீட்டை போ" என்றார். அவன் போனான். அந்தக் காலத்தில் அண்ணை சொன்னால் கேட்டார்கள். வென்றுகொண்டிருந்தோம் அல்லவா?

இரண்டாம் பிரிவில் மூன்றாவது வருடம், முதலாம் பிரிவுக்குப் போக ஒரே ஓர் இடம் குறைவாக வந்து நின்றோம். அந்த வருடத்தோடு சரி. வில்லி மாரடைப்பில் போனார். அடுத்த குளிர்காலத்தில் கம்பி ஆலையை மூடினார்கள். புதிய தலைவராக வந்தவர் கார் விற்பவர். நல்ல கோட், எப்போதும் சிரிப்பு. ஆலைச் சகோதரர்களை அனுப்பிவிட்டு, வேறு இடங்களிலிருந்து வயதுபோன பெயர்பெற்ற ஆட்களைக் கொண்டுவந்தார். தோற்கத் தொடங்கினோம். வேலை இழந்த ஆண்கள் மத்தியானத்திலேயே குடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள். சுவர்களில் "வெளிநாட்டவனே வெளியே போ" என்று எழுதினார்கள். அண்ணையின் சைக்கிளை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அவர் இன்னொன்று வாங்கினார்.

அந்த ஜனவரி ஆட்டத்துக்கு வருகிறேன். கீழ்ப் பிரிவுக்குப் போகும் நிலையில் இருந்தோம். வருகிற கழகம் பெரியது, ஆயிரக்கணக்கில் அதன் ஆட்கள் வருவார்கள், தொலைக்காட்சியும் வரும். ஒரு கிழமையாக நிலம் உறைந்து கிடந்தது. வெயில் படும் பக்கம் மேலே இளகியிருந்தது. மேற்கு மேடையின் நிழல் விழும் மூலை மட்டும் கண்ணாடி மாதிரி. அண்ணை மூன்று நாள் அந்த மூலையில் மணல் போட்டார், வெந்நீர் ஊற்றினார், வைக்கோல் பரப்பினார். சரிவரவில்லை. ஆட்டத்தன்று காலை பத்து மணியளவில் நான் காஸ் சிலிண்டர் எடுக்க அவருடைய கொட்டகைக்குப் போனேன். தலைவர் உள்ளே நின்றார். அண்ணை ஜேர்மன் மொழியில் சொன்னார்: "முடியாது. மேற்கு மூலையில் மண்ணுக்குக் கீழே ஐஸ். யாருக்காவது கால் உடையும்." தலைவர் சிரித்துக்கொண்டே, "நடுவர் கேட்டால் நல்லாயிருக்கு என்று சொல், செபா. இன்றைக்கு ஆட்டம் நின்றால் இந்தக் கழகமும் நின்றுவிடும்" என்றார். அண்ணை தலையை ஆட்டினார். "இல்லை. நான் சொல்லமாட்டேன். ஆடக்கூடாது." அவர் குரல் உயர்த்தவில்லை. நான் கதவடியில் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன், ஐந்தடி தூரம். தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். நடுவர் வந்தபோது தலைவரே அவரை அழைத்துக்கொண்டுபோய், வெயில் பக்கத்தில் நடக்கவைத்து, மைதானக்காரர் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் தோமாஸ் என்று ஒரு பையன் ஆடினான். பத்தொன்பது வயது. அந்த ஊரில் பிறந்தவன், தபால்காரக் கோல்காப்பவரின் மகன். ஆட்டத்துக்கு முந்திய நாள்களில் அண்ணையோடு சேர்ந்து மணல் அள்ளியவன். இரண்டாம் பாதியில் அந்த மூலையில் பந்தை எடுக்க ஓடினான். கால் வழுக்கி, விளம்பரப் பலகையின் கீழ்ச் சட்டத்துக்குள் போனது. என் கடை அந்தப் பக்கம்தான். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. முதலில் ஓடியது அண்ணை. பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு விளங்காது என்பதையும் மறந்து, "ராசா, பாக்காதை, என்னைப் பார், என்னைப் பார்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலோடு அவன் பிறகு ஆடவே முடியாமல் போனது. விசாரணை வைத்தார்கள். தலைவர், மைதானக்காரர் சரி சொன்னார் என்றார். அண்ணை, "நான் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன், என் தம்பி அங்கே நின்றான்" என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல்நாள் தலைவர் என் கடைக்கு வந்தார். ஒரு சொசேஜ் வாங்கிச் சாப்பிட்டார். "மார்ச்சில் உன் அனுமதி முடிகிறதல்லவா? கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். கனடாவில் ஒரு பெண் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள்" என்றார்.  வாயைத் துடைத்துவிட்டுப் போனார். உன் அம்மாவுக்கும் எனக்கும் பேசி முடித்திருந்தார்கள். அவள் மொன்றியலில் இருந்து என்னைக் கூப்பிடுவதற்குக் கடதாசிகள் போட்டிருந்தாள். அது வரும்வரை எனக்கு ஜேர்மனியில் நிற்க இடம் வேண்டும். ஊரில் சண்டை. திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்கள் அறையில் இருந்த ஒருவருக்கு நடந்ததை வைத்து எனக்குத் தெரியும்.

நீளமான மேசை. மூன்று பேர் இருந்தார்கள். அண்ணை என் பக்கத்தில். "உங்கள் அண்ணன் அன்று என்ன சொன்னார்?" என்று கேட்டார்கள். "வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றேன். ஒரு பெண் அதை எழுதினாள். நான் அண்ணையைப் பார்க்கவில்லை. வெளியே வந்து படியில் நின்றோம். அவர் என்னை அடித்திருந்தால், காறித் துப்பியிருந்தால், நான் அன்றைக்கே உள்ளே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாட்டுத்தான். அண்ணை, "சரி, வா, பஸ் போகப்போகுது" என்றார்.

அவருடைய வேலை போனது. ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. தோளில் தூக்கியவர்கள் தெருவில் அவருக்கு முன்னால் துப்பினார்கள். கழகம் அந்த வருடமே கீழே போனது. நான் ஓகஸ்ட் மாதம் கனடாவுக்கு வந்தேன். விமானநிலையத்துக்கு அண்ணை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. "அண்ணை, வேற இடம் பாருங்கோவன்" என்று எத்தனை தரம் சொன்னேன். "தோமாஸ் இஞ்சதானேடா இருக்கிறான்" என்பார். கோழி பொதிசெய்யும் ஓர் ஆலையில் வேலைக்குப் போனார். கலியாணம் கட்டவில்லை.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நான் அவருக்குப் போன் எடுப்பேன். உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னையும் கதைக்கச் சொல்லித் தருவேன். நீ பிரெஞ்சும் தமிழும் கலந்து ஏதோ சொல்ல, அவர் சிரிப்பது வெளியே கேட்கும். எங்கள் பேச்சில் பாதி அந்தக் கழகம்தான். நாலாம் பிரிவு என்பார். அடுத்த வருடம் ஐந்தாம் பிரிவு. கார்க்காரத் தலைவர் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்பார். மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள், பையன்கள் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறார்கள் என்பார். ஒருமுறை, கழகத்தைக் கலைத்துவிட்டதாக நீதிமன்றத்தில் அறிவித்தார்கள் என்று சொன்னார். மேடைகளை இடித்த அன்று வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பேர்தான் நின்றார்களாம். அவரும் தோமாஸும் அதில் இரண்டு பேர். இயந்திரம் நடுக்கோட்டில் புல்லைக் கிளப்பியதைச் சொல்லி, "மண் நல்ல கறுப்பா இருந்தது தம்பி. நாங்கள் போட்ட மண்" என்றார். நான் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்டுக்குள் இருந்துகொண்டு கேட்டேன். இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். முடியவில்லை, இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

உனக்கு நான் செய்ததும் இதிலிருந்துதான் வந்தது. நீ எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஆடிய ஆட்டம் ஒன்றுக்குக்கூட நான் வரவில்லை. உனக்குப் பதினாறு வயதில், ஹெய்ட்டி நாட்டைச் சேர்ந்த உன் பயிற்றுநர் இரும்புப் படியேறி வீட்டுக்கு வந்து, மாகாண அணித் தெரிவுக்கு உன்னை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். எனக்கு அவர் பேசிய பிரெஞ்சு நன்றாகவே விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன். நீ அழுதுகொண்டே மொழிபெயர்த்தாய். "படிப்புத்தான் முக்கியம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அப்பாவுக்கு விளையாட்டென்றால் பிடிக்காது என்று உன் கூட்டாளிகளுக்குச் சொன்னாய். எனக்கு உன் காலைப் பற்றிய பயம் இருந்தது, உண்மை. ஆனால் அதைவிட, பச்சைப் புல்லின் ஓரத்தில் தகப்பனாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்குச் சேரவேண்டிய ஒன்றை என் குற்றத்துக்காகப் பிடுங்கினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ தரத்தான் வேண்டும் என்றில்லை.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன், உனக்கும் மெலனிக்கும் கலியாண எழுத்து நடந்த நாள். வீடு நிறையச் சனம். அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். வாழ்த்தத்தான் எடுக்கிறார் என்று நினைத்து போனோடு வெளிப் படிக்கட்டுக்குப் போனேன். வாழ்த்தினார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

"தம்பி, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அண்டைக்குக் கொட்டகைக்குள்ள, நான் ஆடவேண்டாம் எண்டு சொன்னனானோ?"

நான் கேட்டேன்: "ஏன் அண்ணை இப்ப?"

"இல்லையடா. நான் சொன்னனான் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். ஆனா ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உனக்கும் கேக்கேல்லை. நீ பக்கத்திலதானே நிண்டனி. அப்ப நான் மனசுக்குள்ளதான் சொன்னனானோ தெரியேல்லை. பயத்தில வாய் திறக்கேல்லையோ தெரியேல்லை."

அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை மகன். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் நம்பத் தொடங்கியிருந்தார். தம்பி பொய் சொல்லியிருப்பான் என்று நினைப்பதைவிட, தன் நினைவு பிழை என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அப்போது எனக்கு என்ன பயம்? கனேடியக் கடவுச்சீட்டு மேசை லாச்சிக்குள் இருந்தது. தலைவர் செத்துப் பல வருடம். ஒருவராலும் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே நீ ஏதோ பகிடி விட, எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான், "எனக்கு ஞாபகமில்லை அண்ணை, கனகாலம் தானே. அதை யோசிச்சு உடம்பைக் கெடுக்காதேங்கோ" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார். "சரி, நீ போய்ச் சனத்தைப் பார்."

ஒன்பது நாளில் போய்விட்டார். முதல் பொய்க்குப் பயம் என்று ஒரு காரணம் இருக்கிறது. கேட்பவர்கள் பாதியாவது இரங்குவார்கள். இரண்டாவதுக்கு ஒரு காரணமும் இல்லை. பொய் சொல்லிப் பழகிய மனிதனுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை என்பதைத்தான் நான் கண்டேன். நீ உன் வேலையிலோ வீட்டிலோ எப்போதாவது பயந்து ஒன்றை மறைக்க நேர்ந்தால், பயம் போனவுடனே ஓடிப்போய்ச் சொல்லிவிடு. நாள் போனால் லேசாகும் என்று நினைக்காதே. செத்தவீட்டுக்கு வரச்சொல்லித் தோமாஸ் எனக்கு எழுதியிருந்தார். கடவுச்சீட்டுக் காலாவதியாகிவிட்டது என்று இன்னொரு பொய்யைப் பதிலாகப் போட்டுவிட்டு, இங்கே கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்தேன். நீயும் வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தாய்.

நேற்று மத்தியானம் தோமாஸுக்குப் போன் எடுத்தேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவருடைய கடிதத்தில் இலக்கம் இருந்தது. என் ஜேர்மன் மொழி துருப்பிடித்துவிட்டது, எழுதிவைத்து வாசித்தேன். "செபா சொன்னார். இரண்டு தரம் சொன்னார். நான் கேட்டேன். விசாரணையில் நான் பொய் சொன்னேன்."  

பிறகு அவர் மிகவும் மெதுவாகப் பேசினார். "ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த நாளில் செபா என் வீட்டுக்கு வருவார். கேக் கொண்டுவருவார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்பார். ஒவ்வொரு வருடமும் நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்புவேன். பெரிய மனது எனக்கு என்று நினைத்திருந்தேன். மன்னிக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை என்று நீ இப்போது சொல்கிறாய்."

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். 

"இதை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஊர்ப் பத்திரிகையில் போடுவேன். அவர் முகத்துக்கு நேரே துப்பியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்" என்றார். என் முழுப் பெயரும் போடுவேன் என்றார். போடுங்கள் என்றேன். வைத்துவிட்டார்.

இன்று காலை அதை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ அங்கே போய் இறங்கும் நேரத்தில் அது வெளிவந்திருக்கும். எங்கள் முறைப்படி என் பெயர்தான் உன் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. அந்த ஊரில் யாராவது உன் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பினால், ஏன் என்று நீ மற்றவர் வாயால் அறியக்கூடாது. போகாமல் விட்டாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். போனால், பெரியப்பாவின் கல்லறை ஆற்றுக்கு அங்கால் இருக்கிற சேமக்காலையில் என்று தோமாஸ் எழுதியிருந்தார். எனக்காக அங்கே ஒன்றும் சொல்லவேண்டாம், மெழுகுதிரிகூடக் கொளுத்தவேண்டாம். நீ உன் பாட்டில் போ. யாராவது கேட்டால், அவருடைய தம்பியின் மகன் என்று மட்டும் சொல். தம்பி எங்கே என்று கேட்டால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்.

அப்பா